யோகலட்சுமியின் காதுக்குப் பிந்தி வந்தவை

"பேசுத சொல்லு அன்னைக்கே வந்துருதும்மா. அதுல உள்ள கோவம், ஆசை, நக்கல் எல்லாம் நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் வருது."

"எங்கேருந்து ஆன்ட்டி வருது?"

"காதுக்குள்ளதான். வெண்டைக்காய் நறுக்கிட்டு இருப்பேன். வீட்ல ஒரு ஆள் இருக்காது. கோவம் மட்டும் தனியா வரும். கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகும்."

"யாரு கோவம்?"

"அதைத்தானே நானும் தேடிட்டு இருக்கேன்."

தென்காசியில் காதுக் கருவி பொருத்தும் அபர்ணா, யோகலட்சுமியோடு நடந்த இந்தப் பேச்சைப் பின்னாளில் பலரிடம் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் சிரிக்காமல்தான் சொன்னாள். குற்றாலத்தில் சாரல் ஓய்ந்து கடைகளில் பாதி பூட்டியிருந்த புரட்டாசி மாதம் அது. மெதுவாகப் பேசினாலும் கத்திப் பேசினாலும் கருவி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துதான் காதுக்குள் விடும், அப்படிச் செய்யும்போது குரலின் ஏற்ற இறக்கம் கொஞ்சம் நசுங்கத்தான் செய்யும், பழகினால் சரியாகிவிடும் என்று அவள் யோகலட்சுமிக்கு விளக்கினாள். "நசுங்கினாப் போயிரணும்லா? இது போகலியே. பின்னால வருதே" என்றாள் யோகலட்சுமி. அபர்ணா கருவியின் அளவுகளை மாற்றினாள். வேறு கருவி கொடுத்துப் பார்த்தாள். மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் அரை மணி நேரம் சோதித்துவிட்டு, கருவி சரியாக இருக்கிறது, காதுதான் புதுத் தினுசாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போனார். அதற்கு மேல் அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

யோகலட்சுமி இலஞ்சியில் பிறந்து மேலகரத்துக்கு வாழ வந்தவள். அவள் கணவர் நெல்லையப்பன் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில், தன் தாத்தா காலத்திலிருந்தே இருக்கும் கமிஷன் கடையில் ஏலம் கூறுகிறவர். கொரோனா வருஷத்தில் அவளுக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பேசுவதால்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். முகக்கவசங்கள் போன பிறகும் சொற்கள் திரும்பி வரவில்லை. ஆனால் தொனி வந்துகொண்டுதான் இருந்தது. ஒருவர் பேசுவதில் ஒரு சொல்கூடப் பிடிபடாவிட்டாலும் அவர் சலித்துக்கொள்கிறாரா சந்தோஷப்படுகிறாரா என்பது அடுத்த அறைக்குள் இருந்தாலும் அவளுக்குத் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டே இரண்டு வருஷத்தை ஓட்டினாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் கோமதிசங்கர்தான் அழைத்துப்போய்க் கருவி வாங்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து கணக்கு தலைகீழாகிவிட்டது. சொற்கள் புத்தகத்தில் அச்சடித்ததைப்போல ஒவ்வொன்றாகத் தெளிவாக வந்தன; தொனிதான் வரவில்லை. ரயில்வே ஸ்டேஷனில் ரயில் தாமதம் என்று அறிவிக்கிற குரலிலேயே பால்காரர் பேசினார், மகன் பேசினான், கோயில் குருக்கள் பேசினார், கட்டிய கணவரும் பேசினார்.

சந்தேகம் அங்கேதான் முளைவிட்டது. "சாப்பிட்டியா?" என்று ஒருவர் தொனியே இல்லாமல் கேட்டால் அது அக்கறையா, எனக்கு முன்னால் சாப்பிட்டுவிட்டாயா என்ற குற்றச்சாட்டா என்று யாரால் சொல்ல முடியும்? யோகலட்சுமி இரண்டாவதாகவே எடுத்துக்கொண்டாள். அப்படி ஒரு மாதம் போனபின் தொனிகள் வந்து சேரத் தொடங்கின. சொல் இல்லாமல், ஆள் இல்லாமல், துவைத்துக் காயப்போட்ட துணிபோலத் தனித்தனியாக வந்தன. எந்த ஜாக்கெட் எந்தச் சேலைக்கு என்று பார்ப்பதைப்போல, எந்தத் தொனி எந்தப் பேச்சுக்குரியது என்று அவள் ஒவ்வொன்றையும் வைத்து வைத்துப் பார்த்தாள். சாரல் காலத்தில் அவை சீக்கிரம் வந்தன, பங்குனி வெயிலில் பாதி மாதம்கூட ஆனது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும்போது தொனிக்கும் கால் முளைத்துவிடுகிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

முதலில் மாட்டியவள் எதிர்வீட்டு ரெங்கம்மாள். "கொடியில முதல்ல காய்ச்ச பூசணிக்கா. ஒனக்குன்னே பறிச்சேன்" என்று சொல்லி ஒரு பூசணிக்காயைக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் யோகலட்சுமி தயிர் கடைந்துகொண்டிருந்தபோது, பாரத்தை இறக்கிவைத்தவளின் நிம்மதி ஒன்று காதுக்குள் வந்து உட்கார்ந்தது. அவள் நேரே எதிர்வீட்டுக்குப் போய், "உள்ளே அழுகியிருந்துச்சுன்னு அப்பவே தெரியும்லா ஒனக்கு?" என்று கேட்டாள். ரெங்கம்மாள் இல்லையென்று சொல்ல வாயெடுத்து, அந்த 'இல்லை'யின் தொனியும் இன்னும் நாலு நாளில் வந்து சேரும் என்பது நினைவுக்கு வர, ஆமாம் என்று சொல்லிவிட்டாள். பிறகு இருவரும் முன்னைவிட நெருக்கமானார்கள்.

அதே ரெங்கம்மாள்தான் தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை முதலில் யோகலட்சுமி வீட்டுக்கு அழைத்துவந்து காபி கொடுத்தவள். மாப்பிள்ளையின் அம்மா, "எங்களுக்குன்னு ஒண்ணும் வேண்டாம். நீங்க ஒங்க பொண்ணுக்குச் செய்யுதத செய்ங்க" என்றாள். பெண் வீட்டார் பதில் சொல்ல ஒரு வாரம் தவணை கேட்டார்கள். வாரக் கடைசியில் தொனி வந்தது. கடை கடையாக ஏறி இறங்கி விலை விசாரிக்கிறவளின் தொனி. சம்பந்தம் நின்றுபோனது. அதற்கப்புறம் மேலகரத்தில் மட்டுமல்ல, தென்காசியிலிருந்தும் பெண்ணைப் பெற்றவர்கள் வந்தார்கள். நிலம் வாங்குகிறவர்கள் விற்கிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். யோகலட்சுமி யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. வந்தவர்களுக்குக் காபி போட்டே பால் செலவு ஏறியதுதான் மிச்சம். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் மட்டும் அந்தத் தெருவில் வாயைத் திறக்காமல் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

தென்காசியில் தையல் கடை வைத்திருந்த மெஹர் பானு ஒருத்தியின் பேச்சில்தான் சொன்னதும் பின்னால் வந்ததும் ஒட்டிப்போயின. அவள் வாயால் திட்டினால் திட்டே வந்தது. அதனால் யோகலட்சுமி தன் மனதிலிருந்ததை அவளிடம்தான் சொன்னாள்.

மனதிலிருந்தது இதுதான். மற்றவர்களின் தொனிகள் வகைவகையாக வந்தபோது, நெல்லையப்பனுடையது மட்டும் ஒரே வகையாக வந்தது. "ஏட்டி, மோட்டாரை அமத்துனியா?" என்று அவர் கேட்டாலும், "ரசத்துல உப்பு தூக்கலா இருக்கு" என்று சொன்னாலும், "கதவச் சாத்திக்கோ, போய்ட்டு வாரேன்" என்று கிளம்பினாலும், நாலு நாள் கழித்து வந்தது ஒரே தொனிதான். எதையோ கேட்க வந்து, கேட்டால் கிடைக்காது என்றும் தெரிந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிற ஒருவரின் தொனி. முதலில் ஏதோ ஒரு நாள் சங்கதி என்று நினைத்தாள். மாதங்கள் போயின. தொனி மாறவில்லை. முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கூடவே இருக்கிற மனிதர் தன்னிடம் எதையோ கேட்டுக்கொண்டே இருக்கிறார், அது என்னவென்று மட்டும் சொல்லவில்லை என்று தெரிந்த பிறகு ஒரு பெண்ணுக்குச் சோறு எப்படி இறங்கும்?

அவளுடைய அப்பா இலஞ்சியில் அவள் பெயருக்கு எழுதிவைத்த மனை ஒன்று இருந்தது. நிலத்தரகர் பரமசிவன் அந்தப் பக்கம் வந்துபோனதை அவள் பார்த்திருந்தாள். ஒருநாள் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இலஞ்சி மனையத்தான கேக்கணும்? எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க, போட்டுருதேன்."

"யாருட்டி கேட்டா ஒங்கப்பா மனைய? அது பாட்டுக்குக் கெடக்கட்டும். வித்துராத."

"பின்ன என்னதான் கேக்கீங்க?"

"நான் எங்க கேட்டேன்? கொஞ்சம் மோர் ஊத்து."

சில நாளில் மோருக்கு உரிய தொனி வந்தது. அதே தொனிதான், முன்னைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது.

மனை இல்லையென்றால் வேறென்ன? இந்த வயதில் கேட்கத் தயங்குகிற காரியம் ஒரு மனிதருக்கு என்ன இருக்க முடியும்? பிரிந்து போகிறேன் என்பதுதானே? சந்தைக்குப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களோ? கடையில் ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி தைத்துக்கொடுத்தபடி யோகலட்சுமி இதைச் சொன்னதும் மெஹர் பானு தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"யோகக்கா, அண்ணாச்சி சட்டைக்கு அளவு குடுக்கும்போதே வெக்கப்பட்டுக் கண்ண மூடிக்கிடுவாரு. அவருக்கு ஒரு சின்ன வீடா? போங்க அங்கிட்டு."

"சிரிக்காத பானு. வெக்கப்படுதவங்களத்தான் நம்பக் கூடாது."

"அப்ப நேராப் போயிப் பாத்துருங்க. இங்கன ஒக்காந்து கொக்கி தச்சுக்கிட்டு இருந்தாத் தெரியுமாக்கும்?"

யோகலட்சுமி அடுத்த நாளே பஸ் ஏறினாள். இத்தனை வருஷத்தில் கணவர் ஏலம் கூறுவதை அவள் நேரில் பார்த்ததே இல்லை. சந்தைக்குள் நுழைந்து, அடுக்கி வைத்திருந்த பல்லாரி வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். யாராவது ஒரு பெண் வந்து அவரிடம் நெருங்கிப் பேசுகிறாளா என்று கண்ணைக்கூட இமைக்காமல் பார்த்தாள். வந்த பெண்கள் எல்லோரும் கூடையோடு வந்து சண்டையோடு போனார்கள். நெல்லையப்பன் வெண்டைக்காய்க் குவியல் முன்னால் நின்று விலை கூறிக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் அவர் குரலுக்கு ஏற்றபடி முன்னால் சாய்வதும் பின்னால் நகர்வதுமாக இருந்தார்கள். யோகலட்சுமியின் காதில் அது வெறும் எண்களாகத்தான் விழுந்தது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் சொல்லி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குவியலின் மேல் போட்டார். பேச்சு முடிந்தது. கேரளத்துப் புனலூரிலிருந்து வந்த வியாபாரி சாக்கைப் பிரித்தார்.

அப்போது சரக்குக்குச் சொந்தக்காரரான சுடலையாண்டி என்ற விவசாயி முன்னால் வந்தார். குவியலின் மேல் கிடந்த துண்டை எடுத்து, மடித்து, இரண்டு கையாலும் நெல்லையப்பனிடம் நீட்டினார். நெல்லையப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து விலை கூறத் தொடங்கினார்.

"இது என்ன ஞாயம் அண்ணாச்சி? துண்டு போட்டாச்சுல்லா?" என்றார் புனலூர்க்காரர்.

"போட்டவன் எடுக்கக் கூடாது சேட்டா. நானே போட்டுட்டு நானே எடுத்தா என் வாய்க்கு என்ன மதிப்பு? சரக்குக்காரன் எடுத்துக் கையில குடுத்தா, நான் மறுபடியும் வாயத் திறந்துதான் ஆகணும். இந்தக் கடையில எங்க தாத்தா காலத்துலருந்து அதான் பழக்கம்."

பல்லாரி மூட்டைகளுக்குப் பின்னால் யோகலட்சுமிக்கு வேறொரு துண்டு நினைவுக்கு வந்தது. அங்கேயே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கல்யாணமான புதிதில் அவள் யாரைப் போல வேண்டுமானாலும் பேசிக் காட்டுவாள். பஸ் கண்டக்டர், ஊசி போடுகிற நர்ஸ், கடன் கேட்கத் தயங்குகிற சித்தப்பா, எல்லோரும் அவள் தொண்டைக்குள் குடியிருந்தார்கள். சொல்லைவிட அவர்களின் தொனியைத்தான் அவள் பிடிப்பாள். நெல்லையப்பன் சந்தையிலிருந்து வந்ததும் அடுப்படியில் மணையைப் போட்டு உட்கார்ந்து, "இன்னைக்கு யாரு?" என்பார். சிரித்துச் சிரித்துப் புரையேறும். ஒருநாள் சாயங்காலம் அவள் மாமியார் சொக்கம்மாளைப் போலப் பேசிக் காட்டினாள். சொக்கம்மாள் மகனை ஏசுகிற ஏச்சு. "ஏலே நெல்லை, உப்பு இல்லன்னா இல்லன்னு வாயத் திறந்து சொல்லேம்ல, கூறுகெட்டவனே! தவிட்டுத் தொட்டியில தலைய விட்ட மாடு மாதிரி குனிஞ்சுக்கிட்டே திங்கியே!" அது அவ்வளவு சரியாக இருந்ததால் தொழுவத்தில் படுத்திருந்த பசு எழுந்து நின்று, தொட்டியின் பக்கம் திரும்பியது. புழக்கடைக் கதவருகில் விறகோடு நின்றிருந்த சொக்கம்மாள் தன் குரலைத் தானே கேட்டாள். விறகை இறக்கி வைத்துவிட்டுப் போனவள், ஒரு வாரம் மருமகள் கையால் சாப்பிடவில்லை. அன்றைக்குத்தான் நெல்லையப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து யோகலட்சுமியின் முன்னால் தரையில் போட்டார். "போதும்" என்றார். அதற்குப் பிறகு அவள் தன் குரலைத் தவிர வேறு குரலில் பேசியதில்லை. அவர் போட்ட துண்டை எடுத்து, சோப்புப் போட்டு அலசி, கொடியில் காயப்போட்டாள். இலஞ்சிக்காரிக்குத் துண்டு என்றால் துண்டுதான்.

தென்காசி தனி மாவட்டமான வருஷத்தில் சொக்கம்மாள் இறந்தாள். ஒரு போட்டோ மட்டும் மிஞ்சியது. அதற்குப் பின்னால்தான் நெல்லையப்பனுக்குத் துண்டைக் கண்ட இடத்தில் போடுகிற பழக்கம் வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கும். அவள் காய் நறுக்கும் இடத்தில், அவள் காலடியில் கிடக்கும். போட்டுவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பார். "வயசாக ஆக ஒழுங்கு குறையுது ஒங்களுக்கு" என்று ஏசிக்கொண்டே அவள் அதை எடுத்து வாளியில் ஊறப்போடுவாள். எத்தனை துண்டு! ஒரு துண்டையாவது அவர் கையில் கொடுத்திருக்கிறாளா? சரக்குக்காரி தான்தான் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் எந்தச் சரக்கு? தன்னிடம் அவர் கேட்கிற அளவுக்கு என்ன இருக்கிறது?

சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இடம் மாறிக்கொண்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். இப்போது திறவுகோல் அவள் கையில் இருந்தது. திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்றுதான் பயம். துண்டை எடுத்துக் கொடுத்து, அவர் வாயைத் திறந்து, "நான் மகன்கிட்ட போய் இருந்துக்கிடுதேன், நீ இங்கன இரு" என்று சொல்லிவிட்டால் அதை எங்கே வைத்துக்கொள்வது? வெயில் காலம் முழுவதும் துண்டுகள் தரையில் விழுந்தன. அவள் எதையும் வாளியில் போடவில்லை, கையிலும் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு நடந்தாள். நெல்லையப்பன் அதைக் கவனித்தார். நாலு நாள் கழித்து வந்த தொனியில், கேட்பதோடு இப்போது பயமும் சேர்ந்திருந்தது. இரண்டு பேர் ஒரே வீட்டில் ஒரே துண்டைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் சாரல் நன்றாக இருந்தது. ஆடி அமாவாசைக்கு அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க நெல்லையப்பன் குற்றாலத்துக்குக் கிளம்பியபோது, "நானும் வாரேன்" என்றாள் யோகலட்சுமி. பேரருவியில் கூட்டம் நெருக்கியது. கருவிகள் இரண்டையும் கழற்றி மூடி இறுகிய சின்ன டப்பாவுக்குள் வைத்து, அதை ஒரு பாலித்தீன் பையில் முடிந்து, தெரிந்த கடைக்காரியிடம் கொடுத்துவிட்டு அவள் பெண்கள் பக்கம் போனாள். அவர் ஆண்கள் பக்கம் போனார். அவள் குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டி, காதை ஈரமில்லாமல் துடைத்து, கருவிகளை மாட்டிக்கொண்டாள். கருவி அருவியை வீண் சத்தம் என்று முடிவுசெய்து அடக்கிவிட்டது. மலையிலிருந்து விழுகிற அவ்வளவு தண்ணீரும், பக்கத்து வீட்டில் யாரோ அரிசி களைவதைப் போலத்தான் கேட்டது.

நெல்லையப்பன் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது, அது அருவியாலும் இருக்கலாம். தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்தார். அதைப் பிழியவில்லை. அவள் காலுக்குப் பக்கத்தில் படியின் மேல் வைத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கடைசித் தடவையாக வைக்கிறவரைப் போல இருந்தது.

மேலே சாரல் விழுந்துகொண்டிருந்தது. யோகலட்சுமி குனிந்தாள். துண்டை எடுத்துத் தண்ணீர் போகப் பிழிந்தாள். உதறி, நாலாக மடித்தாள். சுடலையாண்டி நீட்டியதைப்போலவே இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

நெல்லையப்பன் அந்தத் துண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எங்கே கற்றுக்கொண்டாள் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் சந்தைக்காரர், பழக்கத்தை மீறத் தெரியாது. இரண்டு கையாலும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஏலத்துக்கு முன்னால் செய்வதுபோலத் தொண்டையைச் செருமினார்.

"சொல்லுங்க" என்றாள் யோகலட்சுமி. "எதுவா இருந்தாலும் சொல்லிருங்க. நான் கேட்டுக்கிடுதேன்."

அவர் சொன்னார். அன்றைக்குச் சொல்லும் தொனியும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. ஆடி மாதம், காற்று ஈரமாக இருந்தது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

"எங்கம்மா குரல் எனக்கு மறந்துக்கிட்டே வருதுட்டி, யோகம். ஒரே ஒருக்கா... அவள மாதிரி என்னைய ஏசு."